சம்பளத்தில் பிடித்த காசு

நேற்றுப் பசறை பஸ்ஸில் முன் இருக்கையில் யாரோ தோடம்பழம் உரித்தார்கள். வளைவுகளில் தலை சுற்றாமலிருக்க அந்தத் தோலை முகர்ந்துகொண்டே வருவீர்கள், மிஸ். பதுளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகளைத் திணறடித்த நீங்கள் பஸ்ஸுக்குப் பயப்படுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். "இதையும் எழுதிராதீங்க ரிப்போர்ட்டர், கேஸ் போட்டிருவேன்" என்பீர்கள்.

நேற்று நாம் போன அதே தேயிலைத் தோட்டத்துக்குத்தான் போனேன், மிஸ். காசைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளர்களின் சேமிப்பை வைத்திருந்த நிதி நிறுவனம் மூடப்பட்டபோது, கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு ஏமாந்தார்கள் என்றுதான் கொழும்பில் பேசினார்கள். நீங்கள் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே போய், "ஏன் நம்புனீங்க?" என்று கேட்டீர்கள். கூரை மாற்றச் சேமித்திருந்த செல்லம்மா அக்கா கொழுந்துக் கூடையை இறக்காமலே பதில் சொன்னார்.

"நாங்க எங்கங்க மிஸ் கொண்டுபோய்ப் போட்டோம்? சம்பளத்துல பிடிச்சாங்க. ஈ.பி.எப். பிடிக்கிறாங்க, கோயில் காசு பிடிக்கிறாங்க. ஆபீசுல பிடிச்சா அரசாங்கத்துக்குத் தெரிஞ்சுதானே பிடிப்பாங்க?"

தோட்டத்தில் சம்பளத்தில் பிடிப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த வழக்கத்தைத்தான் நிறுவனம் பயன்படுத்திக்கொண்டது. திரும்பும் வழியில், "அரசாங்கத்துக்குத் தெரியுமா? அதைத்தான் கேக்கணும்" என்றீர்கள்.

நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அலுவலகத்தைப் பாராளுமன்றக் குழு விசாரணைக்கு அழைத்தது. அங்கே பேச உங்களுக்கு உரிமையில்லை. உங்கள் கேள்வியை உறுப்பினர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, செல்லம்மா அக்காவோடு பின்வரிசையில் அமர்ந்தீர்கள். மொழிபெயர்ப்பைக் கேட்க அவர் காதில் கருவி மாட்டிவிட்டீர்கள்.

அதிகாரி மறுபடியும் வட்டி ஆசையைப் பற்றித்தான் தொடங்கினார். உறுப்பினர் குறுக்கிட்டார்: "சம்பளத்தில் பிடிப்பது உங்களுக்கு எப்போது தெரியும்?"

அதிகாரி கோப்பைப் புரட்டினார். தொடக்கத்திலேயே முறைப்பாடு வந்தது என்றார். தோட்ட நிர்வாகம் தங்கள் அதிகாரத்துக்குள் வராது என்பதால் விட்டுவிட்டார்களாம்.

குழுத் தலைவர் நிமிர்ந்தார். "அந்த நிதி நிறுவனம் உங்கள் அதிகாரத்துக்குள் வரும்தானே?"

காதுக்கருவி மாட்டியவர்களுக்குத் தம் குரலின் உயரம் தெரியாது. "அப்படிக் கேளுங்க ஐயா!" என்று செல்லம்மா அக்கா போட்ட சத்தத்தில் அறையே திரும்பியது. நீங்கள் அவர் கையைப் பிடித்தீர்கள். அடக்குவதற்காக அல்ல.

நிறுவனத்தை நடத்திய பணிப்பாளர்களின் சொத்தை முடக்கி வழக்குத் தொடரும்படி குழு வற்புறுத்தியது. ஒவ்வொரு மாதமும் அதிகாரிகளை அழைத்து, என்ன ஆயிற்று என்று கேட்டது. தீர்ப்பு வந்தபோது நீங்கள் உயிரோடு இல்லை. குற்றவாளிகள் என்ற சொல்லை நீதிபதி வாசித்ததும், உங்களுக்கும் சேர்த்து நான் எழுந்து நின்றேன்.

நேற்றுக் காசு வாங்கியவர்கள் தோட்ட ஆபீசை விட்டு வெளியே வந்தால், வாசலில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் புதிய சேமிப்புத் திட்டத்தோடு காத்திருந்தார். செல்லம்மா அக்காதான் முதலில் போனார்.

"ஒங்க கம்பனிய யாரு தம்பி மேப்பார்வ பாக்குறா?"

"அதெல்லாம் ஹெட் ஆபீசுல கேக்கணும்க்கா."

"அவங்களுக்கும் தெரியலேன்னா பார்லிமென்டுல கேப்போம். எனக்கு வழி தெரியும், நீங்களும் வாறீங்களா?"

பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். அந்த மனிதர் அடுத்து வந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். நானும் அதே பஸ்தான். பதுளை வரை அவர் தலை நிமிரவில்லை. எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை. இனி எந்த அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தாலும், அந்தச் சிரிப்பைத்தான் துணைக்குக் கொண்டுபோவேன், மிஸ்.