அலைமணிப் பொதியை இருமுறை தடுத்த கொற்றியார் குறித்துக் கீழ்த்துறையார்க்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. திரை ஓயாத பதினெட்டுத் துறைகளையும் தம் குடைக்கீழ் வைத்துக் காக்கும் வேலாழி நாட்டு வேந்தர், கடலை மதிப்பவரும் கடலுக்கு அஞ்சாதவருமாகிய பெருந்திரைக் கோமான் திருவுளப்படி, ஓலைநாயகம் கண்டன் மாதேவன் எழுதுவது. சங்கும் சுறாவும் மிகுந்த கீழ்த்துறைத் தீவின் துறைத்தலைவர் நெடுங்கோரையார்க்கும், அலைமணி செய்த அழிசியார்க்கும், முறையீட்டில் கையொப்பமிட்ட எழுபத்திரண்டு பேர்க்கும், இடாமல் நழுவிக்கொண்ட மற்றவர்க்கும் உங்கள் படகு நலம், வலை நலம், பிள்ளைகள் நலம் விளைக. இங்கு மன்னர் நலம், தலைநகர் நலம், சென்ற இருபது நாளாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்த யாமும் இப்போது நலம்.

புரட்டாசி இருபத்தாறாம் நாள் உங்கள் முறையீடு அரசவைக்கு வந்து சேர்ந்தது. சென்ற கார்த்திகைப் புயலில் எச்சரிக்கை வாராமல் ஒன்பது பேரைக் கடலுக்குக் கொடுத்த ஊர் நாங்கள் என்றும், இனி ஒருவரையும் கொடுக்கலாகாது என்றே எங்கள் அழிசி எச்சரிக்கை மென்பொருளாகிய அலைமணியைச் செய்தான் என்றும், அதனை அரச களஞ்சியத்தின் பொதி ஆய்வாளர் கொற்றி இருமுறை திருப்பி அனுப்பிவிட்டாள் என்றும், கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்றும், அவளை நீக்கிவிட்டுப் பொதியை உடனே சேர்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். முதற் கையொப்பம் நெடுங்கோரையாருடையது. அவர் கொற்றியாரின் கணவர்க்கு உடன்பிறந்த அண்ணன் என்பதை அரசவையில் அறியாதார் இல்லை.

மன்னர் அதனை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். நேரில் சென்று விசாரிக்குமாறும், யார் என்ன சொன்னாலும் மெருகு பூசாமல் சொன்னது சொன்னபடியே எழுதுமாறும் எமக்குக் கட்டளையிட்டார். ஆகவே இவ்வோலையில் சில இடங்களில் அரசவைத் தமிழ் இராது. அதற்கு எம்மேல் குறை சொல்லற்க.

உங்களுள் கணினிப் பழக்கம் இல்லாதார்க்காக ஒன்றைத் தெளிவுறச் சொல்கிறோம். நம் துறைகளில் உள்ள கணினிகள் யாவும், உலகத்தார் பலர் கூடிச் செய்து எல்லார்க்கும் பொதுவில் வைத்த லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின்மேல் நம்மவர் தொகுத்த ‘கலங்கரை’ என்னும் தொகுப்பினால் இயங்குகின்றன. ஒரு மென்பொருள் அத்தொகுப்பில் சேர வேண்டுமானால் பொதியாகக் கட்டப்பட்டு ஆய்வாளர் கையைத் தாண்ட வேண்டும்; தாண்டிவிட்டால் பதினெட்டுத் துறைகளுக்கும் ஒரே நாளில் போய்ச் சேரும். புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும்போது, பொதிகளைச் சேர்த்து வைக்கும் அரச களஞ்சியத்தின் கதவு சாத்தப்படும். பிறகு சித்திரை வரை எவ்வளவு நல்ல பொதியானாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். இவ்வாண்டு அக்கதவுக்கும் அடைமழைக்கும் நடுவே பத்து நாள் இடைவெளிகூட இல்லை என்பதே உங்கள் கோபத்தின் வேர். கோபம் நியாயமே.

அழிசியாரின் அலைமணி செய்யும் வேலை எளியது. துறையில் மிதக்கும் மிதவை, கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லும். இந்த நாழிகையில் எவ்வளவு ஏறுவது இயல்பு என்பதை ஓதப் பட்டியல் சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டு, இயல்பை மீறிய ஏற்றமானால் துறையின் பெரிய மணியை அடிக்கும். இதனினும் வேண்டுவது வேறென்ன என்று நீங்கள் கேட்டீர்கள். யாமும் அதையே கேட்டோம்.

ஆவணியில் பொதி முதன்முறை வந்தபோது கொற்றியார் அதனை வழக்கப்படி மூடறைக்குள் கொண்டுபோனார். மூடறை என்பது வெளியுலகோடு எந்தக் கம்பியும் இல்லாத, வேறெந்த மென்பொருளும் ஏற்றாத, பிறந்த குழந்தை போன்ற ஒரு கணினி. எந்தப் பொதியும் அங்கே தன் மூல நிரலிலிருந்து தானாகவே உருப்பெற்று எழ வேண்டும் என்பது களஞ்சியத்தின் பழைய விதி. அலைமணி அங்கே எழவில்லை. ஏதோ ஒன்று கிடைக்கவில்லை என்று சொல்லிப் பாதியில் படுத்துவிட்டது. கொற்றியார் திருப்பி அனுப்பினார். அழிசியார் எழுதிய மறுமொழி இது: “எங்கிட்ட நாலு மாசமா நல்லாத்தானே ஓடுது! உங்க பெட்டியிலதான் ஏதோ கோளாறு.” பொதி செய்வோர் அனைவரும் சொல்லும் சொல் இது என்றும், இதைக் கேட்டுக் கேட்டுத் தம் காது புளித்துவிட்டது என்றும் கொற்றியார் எம்மிடம் கூறினார்.

புரட்டாசி இருபதில் பொதி மறுபடி வந்தது. இம்முறை மூடறையில் ஒரு முனகலும் இன்றி எழுந்து நின்றது. களஞ்சியத்தார் கைதட்டினர். உரிமம் சரி, பெயர்கள் சரி, எழுத்து ஒழுங்கு சரி. கொற்றியார் முத்திரையைக் கையில் எடுத்ததைத் தாம் கண்டதாக உடன் பணி செய்வோர் சான்று சொல்கின்றனர். எடுத்த முத்திரையை அவர் கீழே வைத்துவிட்டார். முன்பு எழாதது இப்போது எப்படி எழுந்தது என்னும் ஒரே கேள்வி அவரைக் குடைந்திருக்கிறது. நான்கு நாள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார். படித்து முடித்ததும் இரண்டாம் முறையாகத் திருப்பி அனுப்பினார். கதவு சாத்த ஆறே நாள் இருந்தது.

அதன்பின் அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. உங்கள் முறையீட்டின் செய்தி அவர் வீட்டை எட்டியது. அண்ணன் கையொப்பம் முதலில் இருப்பதை அறிந்த கணவர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சந்தைக்குப் போனால் மீன் விற்போர் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். தாம் செய்தது சரிதானா என்று தமக்கே ஐயம் வந்ததாகவும், பொதியில் புதிதாய் நுழைந்திருந்த நான்கு வரிகளை மறுபடி மறுபடி படித்துப் பார்த்ததாகவும் கொற்றியார் மறைக்காமல் சொன்னார். அந்நிலையில்தான் யாமும் போய் நின்றோம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: விசாரிக்க அனுப்பப்பட்ட யாம், விசாரிக்கும் முன்பே அவரைக் கடிந்துகொண்டோம். ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க, விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது முறையோ என்றோம்.

கொற்றியார் வாதாடவில்லை. “ஐயா, ஒரு அண்டா தண்ணி பாக்குறதுக்கு நேரம் இருக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

களஞ்சிய முற்றத்தில் பெரிய அண்டா ஒன்று வைத்து, அதில் மிதவையை இட்டு, அருகே கணினியையும் மணியையும் இணைத்திருந்தார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். மிதவை ஏறியது; மணி கணகணவென்று அடித்தது. எமக்கு உள்ளம் குளிர்ந்தது. இதைப் போய்த் தடுத்தாரே என்று கோபமும் ஏறியது. பிறகு அவர் அண்டாவைக் காலி செய்து, கணினியிலிருந்து வெளியே போகும் கம்பியைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, மறுபடி ஊற்றினார். அண்டா நிரம்பியது. நிரம்பி வழிந்தது. எம் செருப்பு நனைந்தது. மணி அடிக்கவில்லை.

“பட்டியல் பொதிக்குள்ள இல்லய்யா. கீழ்த்துறையில அழிசி அண்ணன் வீட்டுப் பெட்டியில இருக்கு. நாழிகைக்கு ஒருக்கா அங்க போய்க் கேட்டுட்டு வருது. கம்பி அறுந்தா பட்டியல் இல்ல. பட்டியல் இல்லேன்னா என்ன செய்யணும்னு புதுசா நாலு வரி எழுதியிருக்கார், பாருங்க. கடல் அமைதியா இருக்குன்னு வச்சுக்கோ, சும்மா இருன்னு எழுதியிருக்கார். புயல்ல மொதல்ல அறுந்து போறது எதுய்யா? கம்பிதானே?” என்றார்.

நனைந்த செருப்போடு அந்த நான்கு வரிகளையும் யாமே படித்துப் பார்த்தோம். இந்நிலையில் முத்திரை விழுந்திருந்தால் கீழ்த்துறையின் ஒரு கம்பி அறும் நேரத்தில் பதினெட்டுத் துறைகளின் மணியும் ஒருசேர ஊமையாகியிருக்கும். மணி இருக்கிறதே என்று நம்பி எல்லாரும் கடலில் இருந்திருப்பார்கள். மணியே இல்லாதிருந்தால்கூட வானத்தையாவது பார்த்துத் திரும்பியிருப்பார்கள். யாம் கொற்றியாரிடம் மன்னிப்புக் கேட்டோம். அதையும் எழுதுக என்று மன்னர் சொன்னார், எழுதிவிட்டோம்.

மறுநாளே அழிசியாரை விரைவுப் படகில் அழைத்துவந்தோம். படகிலிருந்து இறங்கும்போதே சண்டைக்கு நின்றார். அண்டாவைக் கண்டார், மணி அடிக்காததைக் கண்டார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அய்யய்யோ, அந்தப் பட்டியல் என் வீட்டுல இருக்குறதையே மறந்துட்டேனே! மூடறையில விழுந்துச்சேன்னு அவசரத்துல நாலு வரி போட்டேன், அம்புட்டுதான் தாயீ…” என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரை யாரும் ஏசவில்லை. தாம் எழுதிய நிரல் தம்மிடம் ஓடும்வரை அதன் ஓட்டை தம் கண்ணுக்குத் தெரியாது என்பது நிரல் எழுதுவோர் எல்லார்க்கும் உள்ள குறை. அதற்கென்றே மூடறை கட்டினார்கள் என்று கொற்றியார் அவரைத் தேற்றினார்.

அதன்பின் மூன்று நாள் இருவரும் ஒரே பலகைமுன் அமர்ந்து வேலை செய்தனர். பட்டியல் முழுவதும் பொதிக்குள் வந்தது. பட்டியலோ மிதவையோ எது கிடைக்காமற் போனாலும் சும்மா இருக்காதே, மணியை அடி என்று அந்த நான்கு வரிகளும் மாற்றி எழுதப்பட்டன. வீணாக ஒருநாள் அடித்தால் வைதுவிட்டுப் போகிறார்கள் என்று அழிசியாரே சொன்னார். புரட்டாசி முப்பதாம் நாள், கதவு சாத்த ஒரு நாழிகை இருக்கையில் கொற்றியார் முத்திரை இட்டார். மறுநாள் மாலைக்குள் பதினெட்டுத் துறைகளிலும் அலைமணி ஏறியது.

ஐப்பசி பதினோராம் நாள் நடந்ததை நீங்கள் எம்மினும் நன்கு அறிவீர்கள். இங்கே நடந்ததை நீங்கள் அறியமாட்டீர்கள். காற்று எழுந்த முதல் நாழிகையிலேயே கீழ்த்துறைக் கம்பி அறுந்துவிட்டது. மற்றப் பதினேழு துறைகளிலிருந்தும் ஒவ்வொன்றாய்ச் செய்தி வந்தது: மணி அடித்தது, படகுகள் கரையேறின, ஆள் சேதம் இல்லை. கீழ்த்துறையிலிருந்து மட்டும் ஒரு சொல்லும் இல்லை. ஒன்றரை நாள். கொற்றியார் களஞ்சிய வாசற்படியை விட்டு எழவில்லை. சாப்பிடச் சொன்னாலும் ‘பிறகு, பிறகு’ என்றார். கணவர் வந்து அருகில் உட்கார்ந்தார். அவரும் பேசவில்லை, ஆனால் இம்முறை கோபத்தால் அன்று.

பதின்மூன்றாம் நாள் நடுப்பகலில் வாசலில் வந்து நின்றவர் நெடுங்கோரையார். உடுப்பெல்லாம் உப்பு, கண்ணெல்லாம் சிவப்பு. அழிசி வீட்டுக் கூரையே பறந்துபோய்ப் பெட்டி தண்ணீரில் கிடக்கிறது என்றும், கம்பி எங்கே போயிற்றென்று தெரியவில்லை என்றும், ஆனாலும் மணி விடாமல் அடித்தது என்றும், நாற்பத்து மூன்று படகும் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டே துறை சேர்ந்தன என்றும் மூச்சு வாங்கச் சொன்னார். பிறகு, “எல்லாரும் வந்துட்டோம்மா” என்றார். கொற்றியார் வாய்விட்டு அழுதார். அவர் கணவர் அழுதார். 

அன்றே நெடுங்கோரையார் அரசவைக்கு வந்து, முறையீட்டைத் திருப்பித் தருமாறும், பொய்ப்பழி சுமத்திய குற்றத்துக்குத் தாம் ஒருவரே தண்டனை ஏற்பதாகவும் விண்ணப்பித்தார். மன்னர் கொற்றியாரை அழைத்து, உன்னைப் பழித்த எழுபத்திரண்டு பேர்க்கு என்ன செய்யலாம், நீயே சொல் என்று வினவினார். கொற்றியார் தலை நிமிராமல் சொன்னதை, சொன்னபடியே எழுதுகிறோம்:

“ஒண்ணும் வேணாங்க. பெரியத்தானும் ஊர்க்காரங்களும் இன்னும் நாப்பது வருசத்துக்குக் கரையில உக்காந்து என்னைத் திட்டட்டும். திட்டுறதுக்கு எல்லாரும் இருக்காங்கல்ல, அது போதும்.”

ஆகவே பெருந்திரைக் கோமான் ஆணையாவது: கொற்றியார் பொதி ஆய்வாளராகவே தொடர்க. கையொப்பமிட்டோர்க்குத் தண்டனை இல்லை. ஆய்வாளர்மேல் குறை சொல்ல எவர்க்கும் உள்ள உரிமை முன்போலவே இருக்க. கொற்றியாரைத் திட்ட விரும்பும் கீழ்த்துறையார், ஓலையில் எழுதாமல், நேரே தலைநகர்க்கு வந்து, எழுபத்திரண்டு பேரும் ஒருவர் குறையாமல் அவர் முன் நின்று திட்டிவிட்டுப் போக.

ஐப்பசி பதினைந்தாம் நாள், மன்னர் முன்னிலையில் எழுதி, இரட்டைச் சுறா முத்திரை இட்டது. இவ்வாணை கடல் உள்ளளவும் நிற்க.