பவர் பேங்கும் பாப்பாவின் பாலும்

3.6, செவ்வாய்

காலையிலேயே தூறல். பெங்களூரு டிராபிக், சந்தாபுரா சிக்னலில் ஆபீஸ் பஸ் அசையவே இல்லை. மகப்பேறு லீவு முடிந்து இரண்டாவது வாரம். தூக்கம் இல்லை.

பையில்: லேப்டாப், டிபன், பால் எடுக்கும் பம்ப், பாட்டில் இரண்டு, ஐஸ் பை. நான் வைக்காமலே வந்து உட்கார்ந்தவை: பவர் பேங்க், கழுத்தில் மாட்டும் ஃபேன், காபியைச் சூடாக வைக்கும் தட்டு, உள்ளங்கை அளவில் ஒரு டிஸ்கோ பந்து. எல்லாம் என் புருஷன் பிரபு வேலை. "எல்லாமே பவர் பேங்க்ல ஓடும்மா, இருக்கட்டும்." அத்தை முன்னால் அவனை 'என்னங்க' என்கிறேன். இந்த நோட்டில் அவன் இவன்தான். சம்பளம் வந்தால் போதும், யூஎஸ்பி வால் வைத்த ஏதாவது ஒன்று பார்சலில் வந்து இறங்கும்.

ஆபீஸில் 'தாய்மார் அறை' என்று அழகான போர்டு. உள்ளே உடைந்த நாற்காலிகள், பழைய மானிட்டர்கள், போன வருஷத்து பேனர். பிளக் பாயின்ட் செத்துக் கிடக்கிறது. மெயின்டனன்ஸ் ஆளிடம் சொன்னேன். "டிக்கெட் ரெய்ஸ் மாடி மேடம்" என்றான் கன்னடத்தில், கம்ப்யூட்டரில் புகார் போடணுமாம். மாடினேன்.

சரி, பவர் பேங்க் இருக்கிறதே என்று பம்பை மாட்டினேன். ஓடியது. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. பட்டனை அமுக்கினேன், ஓடியது, நின்றது. மறுபடி. மறுபடி. பாட்டிலின் அடி நனைந்ததோடு சரி. மதியம் மீட்டிங்கில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு கல்லாட்டம் வலி. எதிரில் ஒருவர் காலாண்டு இலக்கு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

4.6, புதன்

வெயில். பாப்பா துணி இரண்டு பக்கெட் காய்ந்துவிட்டது, அந்த மட்டும் நிம்மதி.

பிரபு நைட் ஷிப்ட் முடித்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். பம்ப் நிற்கும் கதையைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "பவர் பேங்க் மேல தப்பே இல்ல. உன் பம்ப் ரொம்பக் கொஞ்சமா கரன்ட் இழுக்குது. சார்ஜ் ஏறி முடிஞ்சுடுச்சுன்னு பவர் பேங்க் நெனச்சுக்கிட்டு அதுவா ஆஃப் ஆயிடும்."

"சரி, அதுக்கு நான் என்ன பண்ண?"

"வேற மாடல் பாக்கறேன் இரு."

பார்த்தான். குளிக்கப் போய்த் திரும்பி வந்தேன், அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஆர்டர் போட்டது பயணத்துக்கு ஏற்ற குட்டி ஜூஸ் மிக்ஸி. யூஎஸ்பியில் ஓடுமாம். யார் எங்கே பயணம் போகிறோம்?

அத்தை: "பேசாம பவுடர் பாலுக்கு மாத்திடு கண்ணு. எதுக்கு உடம்பக் கெடுத்துக்கற?" பாவப்பட்டுத்தான் சொல்கிறார். ஆனால் போன மாதம் பவுடர் பால் கொடுத்து வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு, ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஓடியது எல்லாம் அவருக்கு எப்படி மறந்தது? இப்போதைக்குப் பால் என்றால் தாய்ப்பால் மட்டும்தான், கூடக் கொஞ்சம் கஞ்சி பழக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டாக்டருக்காக மட்டும் இல்லை. ஆறு மாதக் குழந்தையை விட்டுவிட்டு நாள் பூராவும் ஆபீஸில் கிடக்கிறேன். என் பாலாவது அவளோடு இருக்கட்டும். அவ்வளவுதான் என் ஆசை. பெரிய ஆசையா இது?

5.6, வியாழன்

வேலை ஆயிற்று! கண்டுபிடித்தது நான்!!

பம்ப் நின்ற எரிச்சலில், கொஞ்சமாகத்தானே இழுக்கிறது, நிறைய இழு என்று டிஸ்கோ பந்தை எடுத்து பவர் பேங்கின் இன்னொரு ஓட்டையில் செருகினேன். பவர் பேங்க் அணையவில்லை. பந்து சுற்றுகிறது, பம்ப் ஓடுகிறது. உடைந்த நாற்காலி மேலெல்லாம் சிவப்பு, பச்சை, நீலம். நடுவில் நான், மாடு மாதிரி. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஹவுஸ்கீப்பிங் அம்மா. "யாருக்கு பர்த்டே மேடம்?" அப்புறம்தான் பம்பைப் பார்த்தாள். சட்டென்று கதவைச் சாத்திவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டாள். யாரோ வந்த சத்தம். "ஒளகடே மேடம் இதாரே, ஆமேலே பன்னி" என்று விரட்டினாள், உள்ளே மேடம் இருக்காங்க, அப்புறம் வாங்க என்று.

ஒரு பாட்டில் நிறைய. வீட்டில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சொன்னேன். பிரபு குதித்தான். "பாத்தியா! அந்தப் பந்த நான்தான் வெச்சேன்!" ஆமாம் சாமி, நீதான்.

6.6, வெள்ளி

என் டிக்கெட் 'தீர்க்கப்பட்டது' என்று மெயில். போய்ப் பார்த்தேன். பிளக் இன்னும் செத்துத்தான் கிடக்கிறது. சேவைக்கு ஐந்து ஸ்டார் தரச் சொல்லி இன்னொரு மெயில்.

பந்து உபயத்தில் இன்றும் ஒரு பாட்டில்.

8.6, ஞாயிறு

மழை. நேற்றும் இன்றும் வீட்டில் இருந்ததால் பாப்பா குடித்தது போக மிச்சத்தையும் எடுத்து வைத்தேன். ஃபிரிட்ஜ் மேல் தட்டில் வரிசையாகப் பாட்டில்கள். கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். நகைப்பெட்டியைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை.

வாங்க வேண்டியது: உளுந்து, டயப்பர், அத்தைக்குத் தைலம்.

9.6, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் சிங்க் ஓரம் பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. பளபள என்று. பிரபு சிரித்த முகமாக நிற்கிறான்.

"பால் எல்லாம் திரிஞ்சு போச்சும்மா. மேல ஆடை மாதிரி தனியா, கீழ தண்ணி மாதிரி தனியா. மத்தியானம் கொஞ்ச நேரம் கரன்ட் வேற போச்சா, கெட்டுடுச்சுன்னு கொட்டிட்டேன். பாட்டில் பூராவும் கழுவி வெச்சுட்டேன் பாரு."

திரியவில்லை. தாய்ப்பால் ஃபிரிட்ஜில் அப்படித்தான் பிரிந்து நிற்கும். லேசாகக் குலுக்கினால் சேர்ந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

கத்திவிட்டேன். "எந்த வயர் எந்த ஓட்டையில போகும்னு அத்தனையும் தெரியும். உன் பிள்ளை குடிக்கிற பால் எப்படி இருக்கும்னு தெரியாதா? எனக்கு ஒரு போன் போட முடியாதா?" அத்தை முன்னால்தான். 'என்னங்க' எல்லாம் பறந்துபோனது. அத்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஃபிரிட்ஜுக்கு ஒரு பேக்கப் பாக்கட்டுமா?" என்றான் மெதுவாக.

எதையும் வாங்காதே என்றேன். என்னிடம் பேசவும் பேசாதே.

இன்று ஆபீஸில் எடுத்த ஒரு பாட்டில்தான் நாளைக்கு. சிங்க்கைப் பார்த்தாலே அழுகை வருகிறது.

10.6, செவ்வாய்

மேகமூட்டம். இன்று லீவு கேட்டேன். மூன்று மணிக்கு கிளையன்ட் மீட்டிங், நான் இல்லாமல் முடியாதாம். நான் லீவில் இருந்த ஆறு மாதமும் மட்டும் அவர்களுக்கு எப்படி முடிந்ததோ.

மதியம் பிரபு போன். பின்னால் பாப்பா வீறிட்டுக் கத்துகிறாள். இருந்த பாட்டில் காலையிலேயே தீர்ந்துவிட்டது. கேழ்வரகுக் கஞ்சியைத் துப்புகிறாளாம். "என்ன பண்றது?" என்றான். "நீயே சொல்லு" என்று வைத்துவிட்டேன். அந்த அறைக்கு ஓடினேன். பந்து சுற்றுகிறது, பம்ப் ஓடுகிறது, பால்தான் வரவில்லை. பதறினால் வராது, தெரியும். தெரிந்து என்ன செய்ய?

திரும்ப போன். "கீழ வா. கேட்டுக்கு வெளிய ஆட்டோல இருக்கோம்."

லிஃப்ட்டுக்கு நிற்காமல் படியில் ஓடினேன். அத்தை மடியில் பாப்பா, முகம் சிவந்து, அழுது தொண்டை கட்டி. ஒரு காலில்தான் சாக்ஸ். குல்லா இல்லை, மாற்றுத் துணி இல்லை. ஓசூர் ரோடு தூசியில் பிள்ளையை இப்படியா கொண்டுவருவது! உள்ளே கூட்டிப்போகலாம் என்றால் செக்யூரிட்டி, "மகுவுக்கும் பாஸ் பேக்கு மேடம்" என்றான், குழந்தைக்கும் பாஸ் வேண்டுமாம்.

ஆட்டோவிலேயே ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் தானாக இறங்கி எதிர் டீக்கடைக்குப் போய்விட்டார். அத்தை முந்தானையை விரித்து ஒரு பக்கம் மறைத்தார், பிரபு இன்னொரு பக்கம் முதுகைக் காட்டி நின்றான். பாப்பா வாயை வைத்ததும் அழுகை நின்றது. எனக்குப் பால் சுரந்தது. இத்தனை நேரம் எங்கே இருந்ததோ.

"நேத்து கேட்டிருக்கணும் உன்ன," என்றான் திரும்பாமலே. கோபம் தீரவில்லை.

மூன்று மணி. சீட்டில் கிடந்த போன் துடிக்க ஆரம்பித்தது. மேனேஜர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரபு எடுத்துவிட்டான்.

"சார், நான் அவ வீட்டுக்காரர் பேசறேன். குழந்தைக்குப் பால் குடுத்துட்டு இருக்கா. முடிச்சுட்டு வருவா."

அடப்பாவி. கையை நீட்டிப் போனைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. பாப்பாவை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.