அமெரிக்காவுக்குப் போட்ட நாற்காலி

என் ஆசை மச்சானுக்கு,

போன வாரம் திருப்பதிக்குப் போய் உன் பேரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டு வந்தேன். உன் தங்கச்சி மகள் காலேஜில் விழா. முதல் உலகப் போர் முடிந்ததும், இனிமேல் சண்டை வேண்டாமென்று நாடுகள் கூடி ஆரம்பித்த சர்வதேச சங்கத்தைப் பிள்ளைகள் நடித்துக் காட்டினார்கள். உட்கார எங்கும் இடமில்லை. முன்னால் நல்ல நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

"அங்கிள், அதி அமெரிக்கா சீட்டு!" என்று தெலுங்கு கலந்த தமிழில் கத்திக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள்.

"பரவால்லமா, அவங்க வந்தா எழுந்துக்கறேன்."

"அவங்க ராரு அங்கிள். கடைசி வரைக்கும் வரவே இல்ல. அதுக்குத்தான் காலியா வெச்சிருக்கோம்."

மண்டபமே சிரித்தது. ஜப்பானாக உட்கார்ந்திருந்த நம் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பத்தாவதில் கோட்டைவிட்டவனுக்கு எந்த நாடு எங்கே உட்காரும் என்று எப்படித் தெரியும், நீயே சொல்லு?

திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் கேட்டேன்.

"சங்கம் வைக்கலாம்னு பாடுபட்டதே அமெரிக்கா ஜனாதிபதிதான் நைனா. அவரு நாடே சேரல."

"அப்புறம் சண்டை நின்னுதா?"

"எங்க நின்னுது? இருவது வருஷத்துல அடுத்த உலகப் போரு. ஆனா அது முடிஞ்சதும் மறுபடியும் ஒண்ணா உக்காந்தாங்க இல்ல?"

அந்த 'மறுபடியும்' கேட்டதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நம் இரண்டு வீட்டுக்கும் பொதுக் கிணறு. கோடை வந்தால் முறைத்தண்ணீருக்குச் சண்டை. நீ எல்லோரையும் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார வைப்பாய். எழுந்து நின்று கத்தியவனுக்கு அன்றைக்கு முறை கிடையாது, அது நீ போட்ட சட்டம். நான்தான் முதலில் எழுவேன். "உக்காரு மாப்ள, பயிருக்கு வேண்டிய தண்ணிய வாயாலயே எறைச்சிக்கினு இருக்காத" என்பாய். சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவேன்.

நீ கண்ணை மூடியதிலிருந்து அந்த நிழலில் யாரும் உட்காரவில்லை. உன் மகன் கிணற்றை ஒட்டியே தனக்கென்று ஆழ்துளைப் போர் போடப் பார்க்கிறான். போட்டால் கிணறு வற்றும். அதோடு இரண்டு வீட்டுப் பேச்சும் வற்றிவிடும். இதை உனக்கு எப்படிச் சொல்வேன் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே போய்க் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு அவனை வரச் சொன்னேன். வந்தவன் நின்றுகொண்டே இருந்தான்.

"என்னா மாமா, சண்டைக்கு வந்தீங்களா?"

"ஆமா மருமவனே. மொதல்ல நான் கத்தறேன், அப்புறம் நீ கத்து. ஆனா உக்காந்துக்கினு கத்து."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். நெடுநேரம் பேசினோம். வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. "சரி, அறுப்பு முடியட்டும். போர் வண்டிய அப்புறமா வரச் சொல்றேன்" என்றான். அவ்வளவுதான் மச்சான். இப்போதைக்குப் போதுமா?

வாராவாரம் போய் உட்காருவேன். அவன் வராவிட்டாலும் உட்காருவேன், உன்மேல் சத்தியம்.

நான் தண்ணீருக்காக வந்தேன் என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்: அவனுக்கு அப்படியே உன் குரல். அதைக் கேட்கத்தான் போனேன்.

உன் தங்கச்சி புருஷன்,
குடிபாலா கிராமம்