ராகுகாலத்துக்கு முந்திய கற்பூரம்

அக்கா,

காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது கண் முதலில் ராகுகாலத்தைத்தான் தேடியது. நீ பழக்கிவிட்டுப் போன வியாதி. உன் ஞாபகம் வந்தது, கூடவே எரிச்சலும்.

முதலில் நம் பிள்ளைகள் சேதி. பெரிய பேரன் பிரெஞ்சுப் பரீட்சையில் தேறி, பாரீசுக்குப் போகிறவர்களுக்கே பாடம் எடுக்கிறான். சின்னவன் உப்பளம் மைதானத்தில் ஓடிக் கோப்பை வாங்கினான். அவன் தங்கைக்கு நர்சிங்கில் இடம் கிடைத்துவிட்டது. என் மகன் வயிற்றுப் பேத்தி கயலுக்கு வேலை நிரந்தரம். ஐந்தாவதோடு நின்றவள் நான். தெருவில் எப்படி நடக்கிறேன் என்று நீ பார்க்க வேண்டும்.

அந்த வேலையைக் கெடுக்கப் பார்த்தவன் உன் மகன் சேகர்.

வியாபாரிகளுக்குக் கணக்கும் சரக்கும் பார்க்கிற சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கும் கம்பெனி அது. அவன் மேனேஜர், கயல் அவனுக்குக் கீழே. ஒரு வெள்ளிக்கிழமை மருந்து மொத்த வியாபாரி ஒருவருக்குப் பழையதை எடுத்துப் புதியதை ஏற்றினார்கள். மத்தியானம் முதல் பில் போட்டதும், ‘டேபிள் இல்லை’ என்று திரையில் வந்து நின்றது. மருந்தின் பெயர், காலாவதித் தேதி எல்லாம் வரிசையாக அடுக்கி வைக்கிற இடத்துக்கு டேபிள் என்று பெயராம். அது இல்லாமல் பில் இல்லை; பில் இல்லாமல் வண்டி நகராது.

கயல் அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்தாள். போனில் முதலாளி, சேகர், இவள் மூவரும். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“அந்தப் பொண்ணுதான் நேத்து கை வச்சிது சார். எதையோ அழிச்சிருக்கும்” என்றான் உன் மகன்.

அந்தப் பொண்ணாம்! தம்பி மகள் என்று வாயில் வரவில்லை, கோழைக்கு. வேலை நிரந்தரமாகிற மாதம் அவளுக்கு. குழந்தை முகம் செத்துப்போனது.

“அழுவாதடி.”

“அழுவுல ஆயா. செத்த சும்மா இரு.”

டேபிள் வேறு இடத்தில் மாறி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. திறந்து பார்க்க அனுமதி இல்லாமல் போய்விட்டதா என்று பார்த்தாள், அதுவும் இல்லை. அப்புறம் மாற்றுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த பழைய நகலைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் சிரித்தாளே பார்க்கணும்!

“யாரும் அழிக்கல ஆயா. அழிச்சிருந்தா பழசுல இருக்கும். இது புதுசா உண்டாக வேண்டிய டேபிள், உண்டாகவே இல்ல. வேலை ஓடிக்கிட்டிருக்கும்போது பாதியில நிறுத்தியிருக்காங்க. பத்து இருபத்தஞ்சுக்கு. பெரியப்பாவோட பேர்ல.”

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி ஆரம்பித்துவிட வேண்டும் என்று சேகர் துரைக்கு அவசரம். ஓடுகிறதை நிறுத்திவிட்டு, முடிந்தது என்று சொல்லிவிட்டான்.

“நம்ம கருவடிக்குப்பம் வீடு மாதிரிதான்” என்றாள் கயல்.

வேறென்ன? நீ அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று கக்கூசுக்கு அஸ்திவாரம் மட்டும்தான் இருந்தது. கொத்தனார் ஒரு மாதம் கேட்டார். “நல்ல நேரம் நிக்காது, கக்கூஸ் நிக்கும்” என்று அவர் வாயை அடைத்தாய். வந்த சனம் முழுக்க எதிர்வீட்டுக் கதவைத் தட்டியது. எதிர்வீட்டார் பூட்டிக்கொண்டு கோயில் பூசைக்குப் போன நேரம் பார்த்து உனக்கே அவசரம் வந்தது. பட்டுப்புடவையோடு நீ வாசலில் தவித்ததும், “அக்கா, இப்டி பாருங்க” என்று படம் பிடிப்பவன் கூப்பிட்டதும் என் கண்ணிலேயே இருக்கின்றன. இல்லாத அறையைத் தேடி அன்று நாம் அலைந்தோம். இல்லாத டேபிளைத் தேடி அந்த வெள்ளிக்கிழமை வியாபாரி அலைந்தார். தாய்க்குத் தப்பாத பிள்ளை.

கயல் இருக்கிறதை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, நின்றுபோன மீதி வேலையை ஓட்டினாள். டேபிள் வந்தது, வண்டிகள் போயின. எது எப்போது யார் பேரில் நின்றது என்று முதலாளிக்கு எழுதினாள். அனுப்புமுன் என் முகத்தைப் பார்த்தாள்.

“பெரியப்பாவுக்கு அசிங்கமாயிடுமே ஆயா?”

“ஆவட்டும். அனுப்பு” என்றேன்.

சாயங்காலம் சேகர் போன் செய்தான். “குடும்பத்துக்குள்ள இப்டிப் பண்ணலாமா சித்தி?”

“குடும்பம்னு மத்தியானம் தோணலியா சேகரு?” என்றேன். வைத்துவிட்டான்.

உன் வருஷத் திதிக்கு அவன் அழைக்கவில்லை. நானாகப் போனேன், உனக்காக. சுவரில் மாலைக்குள் அந்தப் பால் காய்ச்சிய நாள் வாசலில் எடுத்த படத்தையே பெரிதாக்கி மாட்டியிருக்கிறான். கும்பிட வந்தவர்கள், “எவ்ளோ கம்பீரம்!” என்கிறார்கள். அது என்ன முகம் என்று அங்கே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சிரித்துவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்தேன். அழுகிறேன் என்று சேகர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கொஞ்சம் அழவும்தான் செய்தேன்.

இத்தனை திட்டுகிறேனே, இந்தக் கடிதத்தை ராகுகாலம் கழிந்த பிறகுதான் எழுத எடுத்தேன். நீ இன்னும் விடவில்லை என்னை.

நீ இருக்கிற இடத்தில் ராகுகாலம் இருக்காது, எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிற அவசரமும் இருக்காது. நிதானமாக உட்கார்ந்து, சிரித்த முகமாகப் புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு அக்கா. அந்தப் பழையதை நானே போய்க் கழற்றிவிட்டு மாட்டுகிறேன்.