பதினாறாம் நாள் எழும்பிய கொப்புளங்கள்

நடுக்கடலில் இருக்கும் மகன் சங்வூவுக்கு அம்மா எழுதுவது. காற்றும் அலையும் உன்னிடம் தன்மையாக நடந்துகொள்ளட்டும்.

உன் அப்பாவின் திதியன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் மனைவி மியோங்ஹி, சித்தப்பா தல்சு, அவர் மனைவி ஓக்புன், அவள் முதுகில் உன் மகன் கியுதே. வேறு யாரும் வாசல் மிதிக்கவில்லை. கியுதேயின் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் புரதம் பிறவியிலேயே ஊறுவதில்லை என்று தெரிந்த நாளிலிருந்து நான் யாரை உள்ளே விட்டேன்?

திதி முடிந்து பதினாறாம் நாள் பிள்ளையின் வயிற்றில் நீர்க்கொப்புளம். சின்னம்மை. புசானில் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். மாதாமாதம் ஏற்றும் புரதப் புட்டியின் பலமும் தீரும் சமயம்.

"காவலே இல்லாத வீடு மாதிரி உடம்பாச்சேம்மா, எப்படித் தாங்கும்?" என்று டாக்டரம்மாவிடம் அழுதேன். அவர் பிள்ளையின் முன்கையைத் திருப்பினார். போன வருஷம் காசநோய் ஊசி போட்டுப் பார்த்தபோது தடித்த இடம். "பாட்டி, இங்க தடிப்பு வந்தது புரதத்தால இல்ல, ரத்தத்துல இருக்கற இன்னொரு காவல், டி செல்லால. அது இவனுக்கு நல்லாவே இருக்கு. கிருமி பூந்த செல்லு எதுன்னு தொட்டுப் பாத்து, அந்த செல்லையே கொன்னுடும். மருந்தும் ஏத்தறோம். நுரையீரலுக்குப் போகாம இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். சொந்த உடம்பையே கொல்கிற அது எங்கே நிறுத்தும் என்று கேட்க வாய் வரை வந்தது. பிள்ளையின் சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

கொப்புளம் எழும்பி இன்று நான்காம் நாள். காலையில் வயிற்றில் இரண்டு காய்ந்திருந்தன. மத்தியானம் தொண்டையில் மூன்று புதிதாக. இருமுகிறான். ஒவ்வொரு இருமலுக்கும் மியோங்ஹி என் முகத்தைப் பார்க்கிறாள்.

ஓக்புனின் கொப்புளத்திலிருந்துதான் ஒட்டியது என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து சித்தப்பா அவளைத் திட்டித் தீர்க்கிறார். நீ பிறந்தபோது பத்தியச் சூப்புக்காக எனக்கென்று வைத்திருந்த கடற்பாசியை அவள் தின்றதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் இதில் அவளைச் சொல்லக் கூடாது. திதியன்று அடுப்படியில் விலாவைக் காட்டி, "வலிக்கு ஒட்டின பிளாஸ்திரியே தோலப் பொத்துப்போட்டுச்சுக்கா. பழசப் பிச்சுட்டுப் புதுசு ஒட்டு" என்றாள். விலாவில் வரிசையாகக் கொப்புளம். அவளுக்குத் தெரியாது. என் அம்மாவின் அக்கியை மூன்று மாதம் துடைத்தவள் நான், எனக்குத் தெரியும். புண்ணோடு படையலைத் தொட்டால் தீட்டு. சொன்னால் கிளம்பிவிடுவாள், அரைக்கூடை மீன் பொரிக்கக் கிடந்தது. மேலே ஒட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பிறகு அவள் பிள்ளையை முதுகில் கட்டியதையும் பார்த்தேன். பெரியவர்களின் அக்கி பிள்ளைக்கு அம்மையாகும் என்று அறியேன். ஆனாலும் கொப்புளம் கொப்புளம்தானே, பிள்ளையை இறக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் இது உன் கைக்கு வரும்போது ஏதோ ஒன்று முடிந்திருக்கும். எதுவானாலும் மியோங்ஹியிடம் கடுமையாகப் பேசாதே, ராசா. ஓக்புனை விட்டுவிடு. அன்று வாயை மூடிக்கொண்ட ஒருத்தியை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன், நீயும் மன்னிக்காதே.

பே மல்சுன்,
உன் அம்மா.