அப்பாவின் குரலுக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர்

மட்டாஞ்சேரி

சிரஞ்சீவி சங்கர்ராமுக்கு அம்மா எழுதுவது. வின்னிபெக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே சௌக்கியம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. போனில் பேசினால் நம் வீட்டில் எங்கே நின்றாலும் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்கு வந்திருக்கிற இந்த நோய் கைக்குப் பிறகு நாக்கைப் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அதற்குள் குரலைப் பதிந்து வைத்தால், பேச்சு நின்ற பிறகு அப்பா கண்ணால் எழுத்தைக் காட்டக் காட்ட கம்ப்யூட்டர் அவர் குரலிலேயே பேசும் என்று, பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ரஜிதா சொன்னாள். நீ லேப்டாப் அனுப்புகிறேன் என்றாய். அப்பா கேட்கவில்லை. ஜ்யூ டவுன் கிடங்கில் இத்தனை வருஷம் குருமிளகு அள்ளிப் பார்த்த கை, அசைகிறபோதே ஒன்றைச் செய்து பார்க்கட்டும், பாகங்களை வாங்கி நானே பூட்டுகிறேன் என்றார். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் அடங்க வேண்டும், இரைச்சலும் இருக்கக் கூடாது என்று செருப்புப் பெட்டி அளவில் ஒரு கேபினெட் பார்த்தார், அதற்குள் போகிற சின்ன போர்டு, கரண்ட் கொடுக்கிற சின்ன எஸ்எம்பிஎஸ், தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வைக்க இடமில்லாததால் அந்த வேலையையும் தானே செய்கிற ப்ராசசர். கடைக்கார அஜீஷ் ப்ராசசர் சூடாகாமல் இருக்க முதலில் காட்டிய கூலரை வைத்தால் மூடி மூடாது என்று இரண்டு பேரும் தட்டையாக ஒன்று தேடி அலைந்தார்கள். அந்த நாட்களில் அப்பா இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் ஏதேதோ நம்பிவிட்டேன்.

பூட்டுகிற அன்று அஜீஷ், சாமீ, ப்ராசசர் ஞான் வைக்கட்டே என்று கேட்டான். அப்பா தலையசைத்து மறுத்துவிட்டுத் தானே எடுத்தார். பாதி வழியில் விரல் விட்டுவிட்டது. போர்டில் அது உட்காரும் இடத்தில் முடி போல ஊசிகள் இருக்கின்றன சங்கர், அதன் மேலேயே விழுந்து எல்லாம் வளைந்துபோயிற்று. அஜீஷ் டார்ச் அடித்துப் பார்த்து, அம்மே, இது இனி சரியாவில்ல என்றான். அப்பா கையை மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு போர்டு வருவதற்குள் அந்தக் கை அசைவதே நின்றுவிட்டது. நீயே வை பாக்யம், அமுக்காதே, தானா உக்காரும் என்று அவர் சொல்லச் சொல்ல நான்தான் வைத்தேன். எல்லாம் பூட்டி முடித்ததும் முதல் தடவையிலேயே உயிர் வந்தது. அஜீஷ் கை தட்டினான். அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நன்னா பண்ணிட்டே, இனி இதை அஜீஷ்கிட்டயே குடுத்துடு என்றார்.

ரஜிதா மைக்கோடு எத்தனையோ தடவை வந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. சங்கர் என்று அவன் பேரையாவது ஒரு தடவை சொல்லுங்கோ என்று கெஞ்சினேன். மெஷின்ல எதுக்குச் சொல்லணும், வேணும்னா அவன் வந்து கேட்டுக்கட்டும் என்றார். அவர் முழுசாகப் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி. இப்போது நாக்கு தடித்துவிட்டது, இனிப் பதிந்தும் பிரயோஜனமில்லை என்று ரஜிதாவும் வருவதை நிறுத்திவிட்டாள். கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கவும் எனக்கு மனசு வரவில்லை.

நீ வந்தால் குணமாகிவிடும் என்று நான் எழுதவில்லை. அப்படி யாரும் சொல்லவுமில்லை. நீ வந்து நிற்கும்போது உன் பேர் அவர் வாயில் வருமா என்றும் தெரியாது. நேற்று சாயா கொடுக்கும்போது என்னிடம் ஏதோ சொன்னார், எனக்கே புரியவில்லை. திரும்பக் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. பாஸ்போர்ட் தேதியைப் பார்த்து வை. தீர்க்காயுசாக இரு.

அன்புடன் அம்மா,
பாக்கியலக்ஷ்மி