கதவுப் பக்கத்து இடம்

ஞாயிறு ராத்திரி.

தூத்துக்குடியில கொழுந்தனார் வீட்டுச் சைக்கிள்களை எடுத்துக்கிட்டு நானும் என் வீட்டுக்காரரும் நாள் முழுக்கக் கடற்கரை ரோட்டுல சும்மா சுத்துனோம். சாயங்காலம் என் சைக்கிள் ஸ்டாண்டு கழண்டு, சிமெண்டு ரோட்டுல உரசிப் பொறி பறந்துச்சு. இவர் தன் சைக்கிளைப் போட்டுட்டு ஓடிட்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. நாங்க வேலை பாக்குற பட்டாசுக் கம்பெனியில பொறியைக் கண்டா அப்படித்தான் ஓடணும், எனக்கும் தெரியும். ஆனா அங்கன வெடிமருந்தா கொட்டிக் கிடந்துச்சு?

திரும்பி வந்து, "பழக்கதோஷம் புள்ள"ன்னார்.

"நானும் உங்ககூட அதே ரூம்லதான வெடிக்குள்ள மருந்து செலுத்துறேன். எனக்குக் கை உங்களைப் பிடிக்கத்தான வந்துச்சு? நீங்க விட்டுட்டு ஓடுறீக"ன்னேன்.

இப்பக் குறட்டை விடுறார். நாளைக்கு வேலையில, முதல்ல வெளிய ஓடத் தோதான கதவுப் பக்கம் நான்தான் உட்காருவேன். இத்தனை வருசமா அது அவர் இடம்.